கொங்கு நாட்டில் வானவில் பிடிக்க: நிழல், சாண், துளி

வானவில் எங்கே தோன்றும் என்று தெரிய வேண்டுமானால் முதலில் குனிந்து உங்கள் தலையின் நிழலைப் பாருங்கள். சூரியன், உங்கள் கண், தலை நிழல் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும். அந்தக் கோட்டிலிருந்து 42 டிகிரி விலகிய திசைகளில் வெயில் படுகிற மழைத்துளி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நிறம் தெரியும். இந்த ஒரு கோணம் பிடிபட்டுவிட்டால் எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் என்பதெல்லாம் கணக்காகவே வந்துவிடும். வில் ஒருநாள் அரைவட்டமாக நிற்பதும், இன்னொரு நாள் அடிவானத்தை ஒட்டிய கீற்றாகக் குறுகுவதும், அருவிக்கரையில் முழு வட்டமாவதும் அதே கோணம் வெவ்வேறு இடத்தில் துளிகளைச் சந்திப்பதால் வருபவை.

அளப்பதற்குக் கையே போதும். கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஒரு சாண். கண்ணுக்கு அது சுமார் 20 டிகிரி. மடக்கிய முஷ்டி 10 டிகிரி, ஒரு விரல் அகலம் 2 டிகிரி. குழந்தைகளுக்கும் இதே கணக்குதான். கை குட்டையானால் சாணும் குட்டை. ஆக, தலை நிழலிலிருந்து இரண்டு சாண் தள்ளி முதல் வில், இரண்டரைச் சாண் தள்ளி இரண்டாம் வில். முதல் வில்லின் பட்டை ஒரு விரல் அகலம் இருக்கும். இரண்டாவது அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

துளிக்குள் நடப்பது

ஒளிக்கதிர் துளிக்குள் நுழையும்போது வளைகிறது, பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது, வெளியே வரும்போது இன்னொரு முறை வளைகிறது. துளியின் நடுமையத்தில் படும் கதிர் வந்த வழியே திரும்பிவிடும். மையத்தை விட்டுத் தள்ளிப் படப்பட, திரும்பும் கோணம் கூடிக்கொண்டே போய், ஆரத்தில் 86 சதவீதம் தள்ளிப் படும் கதிருக்கு 42 டிகிரியை எட்டும். அதற்கும் தள்ளிப் பட்டால் கோணம் மறுபடி குறையத் தொடங்கும். ஏறி இறங்கும் அந்த உச்சியில் ஏராளமான கதிர்கள் ஏறக்குறைய ஒரே திசையில் வெளியேறுகின்றன. நாம் பார்க்கும் பட்டை அந்த நெரிசல்தான். நிறத்துக்கு நிறம் வளைவு கொஞ்சம் மாறுவதால் சிவப்புக்கு உச்சி 42 டிகிரிக்குச் சற்று மேல், ஊதாவுக்கு 40 டிகிரிக்குச் சற்று மேல். அதனால்தான் சிவப்பு வெளிப்பக்கம், ஊதா உள்பக்கம்.

உச்சியைத் தாண்டிய கோணத்தில் முதல் வில்லின் கதிர் ஒன்றுகூட வராது. உச்சிக்குள் அடங்கிய கோணங்களில் எல்லா நிறமும் கலந்து வரும். ஆகவே வில்லுக்கு உள்ளே வானம் வெளுத்தும், வெளியே கறுத்தும் இருக்கும். துளிக்குள் இரண்டு முறை பட்டுத் திரும்பும் ஒளி சுமார் 50 முதல் 53 டிகிரியில் இரண்டாம் வில்லைத் தருகிறது. அதில் நிறவரிசை தலைகீழ், வெளிச்சம் முதல் வில்லில் பாதிக்கும் குறைவு. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் இருண்ட பட்டையை கி.பி. 200 வாக்கில் எழுதிவைத்தவர் அப்ரோடிசியாஸ் ஊர் அலெக்சாந்தர். பட்டைக்கு இன்றும் அவர் பெயர்தான். இரண்டாம் வில் தெரியவில்லையே என்று தேடுகிறவர்கள் முதலில் இந்த இருட்டுப் பட்டையைக் கண்டுபிடியுங்கள். அதன் வெளி ஓரத்தில் மங்கலாகவாவது அது இருக்கும்.

இதைக் கையில் பிடித்துப் பார்க்கவும் வழி உண்டு. 1300களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தியோடரிக்கும் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்ஃபாரிசியும், ஒருவரை ஒருவர் அறியாமலே, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையைப் பெரிய மழைத்துளியாக வைத்துச் சோதித்தார்கள். தெக்கார்த் 1637இல் 42 டிகிரியைக் கணக்குப் போட்டு நிறுவினார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கிடைக்கும் 250 மில்லி உருண்டைக் குடுவை நமக்குப் போதும். கழுத்துவரை தண்ணீர் நிரப்பி மூடிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை நாலரைக்குப் பின் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, குடுவையைத் தலை நிழலின் பக்கம் நீட்டிப் பிடித்து, மெதுவாகப் பக்கவாட்டில் விலக்குங்கள். இரண்டு சாணை நெருங்கும்போது நிழல் பக்கமுள்ள விளிம்போரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் பளிச்சிடும். இன்னும் விலக்கினால் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறி, சிவப்புக்குப் பிறகு சட்டென்று அணைந்துவிடும். அந்தச் சட்டென்ற அணைவுதான் வில்லின் வெளிவிளிம்பு ஏன் கூர்மையாக இருக்கிறது என்பதற்கான பதில். வேலை முடிந்ததும் குடுவையை வெயிலில் வைக்கோல், பஞ்சு, காகிதம் பக்கத்தில் விட்டுவிடாதீர்கள். நீர் நிறைந்த உருண்டை வெயிலைக் குவித்துத் தீப்பிடிக்க வைக்கும்.

எத்தனை மணிக்கு

சூரியன் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அவ்வளவு ஆழத்தில் தலை நிழல் கீழே கிடக்கும். வில்லின் உச்சி அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரம் என்றால், 42இலிருந்து சூரியனின் உயரத்தைக் கழியுங்கள். சூரியன் 10 டிகிரியில் இருந்தால் உச்சி 32. சூரியன் 42ஐத் தாண்டிவிட்டால் சமதரையில் நிற்பவருக்கு மழை வானத்தில் வில் கிடையாது. எவ்வளவு வெயிலும் மழையும் சேர்ந்தாலும் கிடையாது.

இதற்குக் கோணமானி வேண்டாம். ஒரு குச்சியை நட்டு நிழலை அளங்கள். நிழல் குச்சியின் நீளத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக இருந்தால் வானவில்லுக்கு வாய்ப்பு உண்டு. ஐந்தரை அடி ஆளுக்கு நிழல் ஆறடிக்குச் சற்று மேல் விழ வேண்டும்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரம் 11 டிகிரி வடக்கை ஒட்டியது. இங்கே காலை வில் ஆண்டில் பெரும்பகுதி ஒன்பது மணி சுமாருக்கு முடிந்துவிடும். மார்கழியில் பத்து மணிவரை நீளும். மாலையில் ஜூன், ஜூலையில் 3.40க்குப் பிறகுதான் தொடங்கும். அக்டோபர் நடுவில் மூன்று மணி தாண்டியதும், டிசம்பர் கடைசியில் 2.40 வாக்கிலேயே தொடங்கிவிடும். தொடங்கும் நேரத்தில் உச்சி அடிவானத்தை ஒட்டியே இருக்கும்; தென்னந்தோப்பும் வீடுகளும் மறைத்துவிடும். கண்ணுக்கு நிறைவாகப் பார்க்கச் சூரியன் 20 டிகிரிக்குக் கீழே, அதாவது ஒரு சாணுக்குக் கீழே, இறங்கட்டும். அப்போது நிழல் உங்கள் உயரத்தைப்போல் இரண்டே முக்கால் மடங்கு இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. அக்டோபர் 15, மாலை ஐந்து மணி, கோயம்புத்தூர். சூரியன் மேற்குக்குச் சற்றுத் தெற்கே 15 டிகிரி உயரத்தில் இருக்கும். வில்லின் நடு கிழக்குக்குச் சற்று வடக்கே, உச்சி 27 டிகிரி, ஒரு சாணும் மூன்று விரலும். ஒரு கால் வடகிழக்கில், மறு கால் கிழக்கைத் தாண்டித் தென்கிழக்கு நோக்கி. இந்த அகலம் முழுக்க மறைவில்லாமல் தெரியும் மொட்டைமாடியை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வில் பல நேரம் ஐந்து நிமிடம்கூட நிற்காது. மாடிச் சாவியைத் தேடுவதற்குள் போய்விடும்.

மழை எந்தப் பக்கம் நகர்கிறது

வெயிலோடு மழை பெய்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்போம். வில்லுக்கு அதைவிடக் கறாரான நிபந்தனை உண்டு: மாலையில் மழை கிழக்கே, வெயில் மேற்கே, காலையில் மழை மேற்கே, வெயில் கிழக்கே. இதோடு மேகம் நகரும் திசையைச் சேர்த்துப் பார்த்தால் வில் மழைக்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று உள்ளே வருகிறது. மேற்கே பொள்ளாச்சி, ஆனைமலை, கோவை மேற்குப் பக்கங்களில் சாரல் அடிக்கும்போது சூலூர், பல்லடம் பக்கம் வெயில் காயும். இந்தக் காலத்தில் காலை வில் மழைக்கு முன்னால் வரும். ஜூன் கடைசியில் காலை ஏழரைக்குக் கோவையில் சூரியன் கிழக்கு-வடகிழக்கில் 19 டிகிரி உயரத்தில் நிற்கும். வில்லின் நடு நேர் எதிரே மேற்கு-தென்மேற்கில், உச்சி ஒரு சாண் உயரத்தில். அந்தத் திசையில்தான் கணவாய் இருக்கிறது. சாரல் உள்ளே நுழையும் வாயிலும் வில் நிற்கும் இடமும் ஒன்றாக அமைவது இந்த வட்டாரத்துக்கு வாய்த்த வசதி. மாலையில் நேர்மாறு: மழை தலைக்கு மேல் கடந்து கிழக்கே போய், முதுகுப் பக்கம் மேகம் விலக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் காற்று கிழக்கிலிருந்து. பிற்பகல் மழை கிழக்கேயிருந்து நெருங்கும்போது மேற்கே இன்னும் வெயில் இருந்தால் வில் மழைக்கு முன்னால் தெரியும். நனைந்த பிறகு காத்திருப்பதில் பயனில்லை. மழை மேற்கே நகர்ந்து சூரியனையே மூடிவிடும். ஈரோடு, கரூர் பக்கம் ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்தப் பருவத்தில்தான், ஆகவே அங்கே இதுதான் முக்கியமான காலம். சித்திரை, வைகாசி இடிமழைக்கு இப்படி நிலையான திசை சொல்ல முடியாது; மேகத்தின் போக்கை அன்றன்று பத்து நிமிடம் கவனித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்த மழையில் மின்னலும் கூடுதல். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மாடியையும் வெட்டவெளியையும் மரத்தடியையும் விட்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள். கடைசி இடிக்குப் பின் அரைமணி கழித்து வெளியே போகலாம்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தடை உண்டு. சிறுவாணி, வெள்ளியங்கிரி அடிவார ஊர்களில் மேற்கே மலை நிற்பதால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். மலைவிளிம்பு ஒரு முஷ்டி உயரம் இருந்தாலே கடைசி முக்கால் மணி நேர வெயில் போய்விடும். அரைவட்ட வில் கிடைக்கும் நேரமும் அதுதான். பொள்ளாச்சிக்கு மேற்கே கணவாய் திறந்து கிடப்பதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

வடிவம் மாறும் காரணங்கள்

கண்ணை முனையாக வைத்த ஒரு புனலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் அச்சு தலை நிழலை நோக்கும். சுவர் 42 டிகிரி சாய்ந்திருக்கும். அந்தச் சுவரில் எங்கே துளி இருந்தாலும் நிறம் தெரியும், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் ஒரு முழம் தள்ளி இருந்தாலும் சரி. சமதரையில் தரை புனலின் கீழ்ப்பாதியை வெட்டிவிடுகிறது; மிச்சம்தான் வில். அடுத்து நிற்பவரின் கண் வேறு, புனல் வேறு, வில்லும் வேறு. வில்லை நோக்கி வண்டியை விரட்டினால் அது கூடவே நகர்வதும் இதனால்தான்.

சூரியன் மறையும் நிமிடத்தில் அரைவட்டம். அப்போது நீலமும் பச்சையும் காற்றில் சிதறிக் கழிந்துவிடுவதால் வில் முழுக்கச் சிவப்பாகவும் தெரியலாம். உயரத்தில் நின்றால் தரை வெட்டுவது குறைந்து, அரைவட்டத்தைத் தாண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் பள்ளத்தாக்கில் மழையும் முதுகில் வெயிலும் அமைந்தால் காலடிக்குக் கீழேயும் வில் தொடரும். விமானத்தில் சூரியனுக்கு எதிர்ப்பக்க சன்னலில் முழு வட்டமே கிடைக்கும்.

உச்சி மங்கி, இரண்டு கால்கள் மட்டும் தீயாகத் தெரிகிற வில் கோடை மழையில் அடிக்கடி வரும். ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளிகள் விழும்போது காற்றின் அழுத்தத்தில் அடி தட்டையாகின்றன. மேலிருந்து பார்த்தால் அவை வட்டம்தான், ஆகவே கால்களுக்கு ஒளி தருகின்றன. செங்குத்து வாக்கில் வட்டம் கெட்டுவிடுவதால் உச்சிக்கு அவற்றால் உதவியில்லை. உச்சியில் தெரிவது கூடவே விழும் சிறுதுளிகளின் வேலை. இரண்டு அளவுத் துளிகள் கலந்து பெய்தால் ஒரே காலிலிருந்து கிளம்பி உச்சியில் இரண்டாகப் பிரியும் இரட்டை வில்லும் அபூர்வமாக வரும். 2012இல் கணினிக் கணக்கில் இந்தக் காரணம் உறுதியானது. இதை இரண்டாம் வில்லோடு குழப்ப வேண்டாம். பிரியும் வில்லில் இரண்டிலும் நிறவரிசை ஒன்றே.

முதல் வில்லுக்கு உள்ளே, ஊதாவை ஒட்டி, வெளிறிய பச்சையும் இளஞ்சிவப்பும் மாறி மாறி இரண்டு மூன்று கோடு தெரிந்தால் அவை ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருபவை. தாமஸ் யங் 1804இல் விளக்கினார். துளிகள் சிறியதாகவும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். ஆனிச் சாரலில் தேடுங்கள், இடிமழையில் தேடாதீர்கள். துளி இன்னும் சிறுத்து மூடுபனி ஆகிவிட்டால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெள்ளை வில்லாகிவிடும். வால்பாறையிலும் ஏற்காட்டிலும் காலை வெயில் பனிமேல் விழும் நேரத்தில், பனிக்கு வெளியே ஓரமாக நின்று பார்த்தால் கிடைக்கும். பனிக்குள்ளேயே நின்றால் வெயில் வராது, வில்லும் வராது.

குளக்கரைக்கு என்று ஒரு வடிவம் உண்டு. அசையாத நீரில் பட்டு எழும் வெயில், அடிவானத்துக்குக் கீழே இன்னொரு சூரியன் இருப்பதற்குச் சமம். அதன் வில்லுக்கு மையம் அடிவானத்துக்கு மேலே. இரண்டு வில்களும் அடிவானத்தில் சேர்ந்து, மேலே போகப்போக விலகும். கால் பகுதியில் ஒரு குறுகிய ‘வி’ எழுத்துபோலத் தெரியும். சூரியன் 15 டிகிரியில் இருந்தால் சாதாரண வில்லின் உச்சி 27 டிகிரி, இதன் உச்சி 57. முழுதாக யாருக்கும் சுலபத்தில் கிடைக்காது, கால்கள்தான் கிடைக்கும். கால் தெரிய எதிரே மழையின் கீழ் தண்ணீர் வேண்டும். மேற்பாகம் தெரிய முதுகுக்குப் பின்னாலும் வேண்டும். உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் அடுத்தடுத்துக் கிடப்பது இதற்குத் தோதானது. காற்றடித்து அலை எழுந்தால் ஒளி சிதறி எல்லாம் கெட்டுப்போகும். அதனால் ஆடி மாதத்தில் நம்பிக்கை வைக்க வேண்டாம், காற்று ஓய்ந்த அக்டோபர் மாலைகளில் பாருங்கள்.

இனி தரையில் கிடக்கும் வில். மார்கழி, தை மாதக் காலையில் காலிங்கராயன் வாய்க்கால் பாசன வயல்களில் நெல் நுனியிலும் புல்லிலும் பனித்துளி உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறத் தொடங்கியதும் வரப்பில் நின்று தலை நிழலிலிருந்து இரண்டு சாண் தள்ளிப் பாருங்கள். நிறங்கள் உங்கள் காலடிக்குப் பக்கத்தில் வளைந்து, இரண்டு கைகளாக விரிந்து, தூரத்தில் விலகிக்கொண்டே போகும். புனலைச் சமதளம் வெட்டும்போது கிடைக்கும் அதிபரவளையம் அது. சூரியன் 42 டிகிரியைத் தாண்டினால் அது மூடிய நீள்வட்டமாகும், ஆனால் அதற்குள் பனி காய்ந்துவிடும். நின்ற இடத்திலிருந்து நிறம் பிடிபடவில்லை என்றால் இரண்டு பக்கமும் மெதுவாக நடந்து பாருங்கள். துளிகள் ஒவ்வொன்றாக நிறம் மாறி மின்னுவது நகரும்போதுதான் தெரியும். தலை நிழலைச் சுற்றி வெளிச்சமாக ஒரு வட்டம் தெரிந்தால் அது வானவில் அல்ல. துளிகள் வெயிலை வந்த வழியே திருப்புவதால் வருவது.

தோட்டத்தில் செய்து பார்க்க

தேவை தண்ணீர், மெல்லிய தூவல், கறுத்த பின்னணி. தென்னந்தோப்பின் நிழல் பக்கம், கிளுவை வேலி, நனைந்த செம்மண் சுவர் எல்லாம் நல்ல பின்னணி. வெளுத்த வானமும் சுண்ணாம்புச் சுவரும் நிறத்தை அமுக்கிவிடும். செய்து பார்த்து ‘வரவில்லை’ என்று விடுபவர்களில் பலருக்குக் காரணம் இந்தப் பின்னணிதான்.

குழாய் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினாலே போதுமான தூவல் வரும். நீர் தகடாகவோ கயிறாகவோ போனால் வில் வராது, துளியாகச் சிதற வேண்டும். முதுகில் மாட்டும் 16 லிட்டர் கைத்தெளிப்பான் இன்னும் நல்லது. பத்து லிட்டரில் பத்து நிமிடம்போலத் தாராளமாகப் பார்க்கலாம். மருந்தடித்த டேங்க் என்றால் குழந்தைகள் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் குழலிலும் தெளிக்கும் மூக்கிலும் மருந்து மிச்சம் தங்கும். புதுசாகவோ தண்ணீருக்கென்றே வைத்ததாகவோ இருக்கட்டும். நாற்றுக்கோ செடிக்கோ தண்ணீர் விடும் நேரத்தையே இதற்கு ஒதுக்கினால் நீரும் வீணாகாது.

சூரியனுக்கு முதுகு காட்டி, காற்று உங்கள் முதுகிலிருந்து வீசுமாறு நின்று, ஒன்று முதல் இரண்டு மீட்டர் முன்னால் தலை நிழலைச் சுற்றித் தூவுங்கள். கரும்புக்காட்டில் ரெயின் கன் சுற்றும்போது அதுவே தூவலைத் தந்துவிடும். நீர் வந்து விழும் பக்கம் வெயிலுக்கு எதிர்ப்பக்கமாக வரும் சில நொடிகளில் வில் தோன்றி மறையும்.

முழு வட்டத்துக்குக் கீழ்ப்பாதியிலும் துளி வேண்டும். சூரியன் 20 டிகிரியில் இருக்கும்போது வட்டத்தின் அடி உங்கள் பார்வைக்கு 62 டிகிரி கீழே. கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்தப் பார்வை காலிலிருந்து 80 சென்டிமீட்டரில் தரையைத் தொட்டுவிடும். ஆகவே தூவல் உங்களுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே, உடம்பை ஒட்டியே இருக்க வேண்டும். நனையத்தான் செய்வீர்கள். மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்று, கீழே ஒருவர் மேல்நோக்கித் தூவினால் வேலை சுலபம். சுவர் மேல் ஏற வேண்டாம். மாடியிலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும்போது 42 டிகிரித் தடையும் இல்லை, மத்தியானத்திலும் வில் காலடியில் தெரியும்.

தூவல் மிக அருகில் இருந்தால் இரண்டு வில் ஒன்றன்மேல் ஒன்று விலகித் தெரியலாம். ஒரு கண்ணை மூடினால் ஒன்று மறைந்துவிடும். கண்ணுக்கு ஒரு புனல் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று கிடையாது.

அருவிகளுக்கும் இதே விதிதான். கிழக்கே பார்த்து விழும் அருவியில் காலை, மேற்கே பார்த்து விழுவதில் மாலை. மேட்டூர் அணை 120 அடி நிரம்பி 16 கண் மதகு திறக்கும் நாட்களில் எழும் நீர்ப்புகையில் வெயில் முதுகில் விழும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். திறந்த நாளில் ஆற்றுக்குள் இறங்காதீர்கள்.

நீர் இல்லாமலும் செய்யலாம். சாலையில் வெள்ளைக்கோடு போடும்போது இரவில் மின்னுவதற்காகத் தூவும் பொடிக் கண்ணாடி மணிகளில் ஒரு கைப்பிடி கிடைத்தால், கறுப்பு அட்டையில் பசை தடவி ஒரே அடுக்காகத் தூவிக் காயவிடுங்கள். வெயிலிலோ இருட்டறையில் ஒற்றை எல்இடி டார்ச்சிலோ பார்த்தால் நிற வட்டம் வரும், ஆனால் ஒரு சாணைவிடக் கொஞ்சம் மட்டுமே தள்ளி. கண்ணாடி தண்ணீரைவிட அதிகம் வளைப்பதால் கோணம் 42இலிருந்து 23 டிகிரி சுமாருக்குச் சுருங்கிவிடுகிறது. பழைய கோடுகளில் சுரண்ட வேண்டாம். மணிகளை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும்போது

அரைவட்டம் 84 டிகிரி அகலம். கைபேசியின் சாதாரணக் கேமரா சுமார் 70 டிகிரிதான் பார்க்கும், 0.5 மடங்குக்கு மாற்றுங்கள். பெரிய கேமராவில் 20 மில்லிமீட்டர் லென்ஸ் முதல் வில்லுக்கும், 14 இரண்டாம் வில்லுக்கும் சரியாக வரும். வெளிச்சத்தை அரைப் படி குறைத்தால் நிறம் அழுத்தமாக விழும். வில்லின் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வது. போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் வில்லின் ஒரு பகுதி மறைந்துபோகும், தலையைச் சாய்த்தால் திரும்ப வரும். கேமராவில் போலரைசர் வடிகட்டி மாட்டியவர்கள் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பாருங்கள்: ஒரு நிலையில் உச்சி பிரகாசிக்கும், கால் மங்கும், இன்னொன்றில் மாறும். அகல லென்ஸில் முழு வில்லும் ஒரே சீராக வர வேண்டுமானால் வடிகட்டியைக் கழற்றிவிடுவதே மேல்.

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலா 42 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது எதிரே மழை பெய்தால் நிலா வில்லும் வரும். கண்ணுக்கு வெளுப்பாகத்தான் தெரியும். முக்காலியில் வைத்து 15 முதல் 30 நொடி திறந்து எடுத்தால் படத்தில் நிறம் வந்துவிடும்.

மத்தியானம் தெரியும் நிறங்கள்

பகல் பன்னிரண்டு மணிக்கு வானத்தில் நிறம் பார்த்தேன் என்று படம் அனுப்புகிறார்கள். அது மழையின் வேலை அல்ல; உயரத்து மெல்லிய மேகத்திலுள்ள பனிப்படிகங்களின் வேலை, சூரியனின் பக்கமே தெரியும். சூரியனைச் சுற்றி ஒரு சாணுக்குச் சற்று மேல், 22 டிகிரி ஆரத்தில் வட்டம் இருந்தால் ஒளிவட்டம். அதில் சிவப்பு உள்பக்கம், வானவில்லுக்கு நேர் எதிர். சூரியனுக்குக் கீழே இரண்டு சாணுக்கு மேல் தள்ளி, அடிவானத்துக்கு இணையாக நேர்ப்பட்டையாகப் பளிச்சென்று ஓடினால் அது தட்டைப் படிகங்கள் தரும் கிடைவில். சூரியன் 58 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் வரும். நம் அட்சரேகையில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அவ்வளவு ஏறுவதில்லை. மிச்ச மாதங்களில் உச்சிவேளையை ஒட்டிக் கிடைக்கலாம். பார்க்கும்போது சூரியனைக் கம்பத்துக்கோ கூரை விளிம்புக்கோ பின்னால் மறைத்துக்கொண்டு பாருங்கள். வெறும் கண்ணால் நேராகப் பார்க்க வேண்டாம்.